செமஸ்டர் நடுவே மாரத்தான் பயிற்சி: விடைத்தாள், மாநாடு, மாலை டெம்போ

நெடுவழி (கேள்வி):

பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டு, ஆய்வு மாணவர்களையும் கவனித்துக்கொண்டு முழு மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் வழி சொல்லுங்கள். கையில் கிடைக்கும் 16 வார அட்டவணைகள் எல்லாம் ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதியவை. நம் வேலை ஒரு மாதம் இளகும், அடுத்த மாதம் இறுக்கிப் பிடிக்கும்.

விவரம் இதுதான். அரை மாரத்தான் நேரம் 1:45. இப்போது வாரம் 40 கி.மீ., ஐந்து நாள் ஓட்டம். இலக்கு 3:45. திங்கள், புதன், வெள்ளி காலை 8:30க்கு வகுப்பு தொடங்கி மதியம் வரை நின்றபடியே போகும். செவ்வாய், வியாழன் ஆய்வகம், மாணவர் சந்திப்பு. 9ஆம் வாரத்தில் ஒரு மாநாடு, கிழக்கே ஏழு மணி நேர வித்தியாசம். 13, 14ஆம் வாரங்களில் விடைத்தாள் திருத்தம். 16ஆம் வாரக் கடைசியில் ஞாயிறன்று பந்தயம்.

கேட்க வேண்டியவை: மாலை 6:30க்கு வைக்கும் டெம்போ ஓட்டம் (கடினமாக, ஆனால் ஒரே சீரான வேகத்தில் ஓடுவது) பாதியில் கலைந்துவிடுகிறது. நாடித்துடிப்பு ஏறவில்லை, மூச்சும் வாங்கவில்லை, ஆனால் நிறுத்திவிடலாம் என்றே தோன்றுகிறது. காரணம் என்ன? திருத்த வாரங்களில் எதை விடலாம், எதை விடக்கூடாது? மாநாட்டு வாரத்தை எப்படிக் கடத்துவது? நின்று பாடம் நடத்திய காலோடு அன்றைக்கே ஓடலாமா?


துடிப்புமானி:

துடிப்பு ஏறாமலே ஓட்டம் கலைகிறது என்றால் கோளாறு காலில் இல்லை. நாள் முழுக்கத் தலைக்குக் கொடுத்த வேலையின் களைப்பு அது. இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009இல் உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேல் மார்க்கோராவின் குழுவினர் 16 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் கவனம் பிசகாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரத்துக்கு ஆவணப்படம் காட்டினார்கள். இரண்டு நாளும் அதன்பின் சைக்கிளில் ஒரே கடினத்தில் முடிந்தவரை மிதிக்கச் சொன்னார்கள். ஆவணப்படம் பார்த்த நாளில் சராசரி 754 விநாடி, தலைக்கு வேலை கொடுத்த நாளில் 640 விநாடி. இதயமும் தசையும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. மாறியது ஒன்றுதான்: முதல் நிமிடத்திலிருந்தே அந்த வேலை அதிகக் கடினமாகத் தோன்றியது, தாங்க முடியாத எல்லை சீக்கிரம் வந்தது.

ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைத் திருத்தி முடித்த கையோடு டெம்போவுக்குப் போகிறவருக்கு நடப்பதும் இதுவே. அதனால் கடினமான ஓட்டத்தை மூளை வேலைக்கு முன்னால் வையுங்கள். உங்கள் அட்டவணையில் அதற்கான நாள் செவ்வாய். காலை 5:45க்கு 2 கி.மீ. சூடேற்றல், கி.மீ.க்கு 4:50 வேகத்தில் 20 முதல் 30 நிமிடம், 2 கி.மீ. தணிப்பு. உங்கள் 1:45ஐ வைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரம் முழு மூச்சாக ஓடக்கூடிய வேகம் கி.மீ.க்கு 4:49 வாக்கில் வரும், டெம்போ அதைத் தாண்ட வேண்டாம். பலரும் 4:35க்குப் போய் அதை இன்டர்வலாக (விட்டுவிட்டு ஓடும் அதிவேகப் பயிற்சியாக) மாற்றிவிடுகிறார்கள். அப்புறம் வியாழன் வரை கால் தேறாது.

மாலைதான் முடியும் என்ற வாரத்தில் டெம்போவை 3 × 10 நிமிடமாக வெட்டி, நடுவில் 2 நிமிடம் மெல்லோட்டம் வையுங்கள். ‘எப்படி இருக்கிறது’ என்ற உணர்வை நம்பாமல் துடிப்பையும் பேஸையும் (ஒரு கி.மீ.க்கு ஆகும் நேரம்) பாருங்கள். களைத்த தலை கடினத்தைக் கூட்டிச் சொல்லும், மீட்டர் சொல்லாது. 100 மீட்டர் ஸ்ட்ரைடு போன்ற குறுகிய வேக ஓட்டங்களை மனக்களைப்பு அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆக, நாள் முழுக்கக் கூட்டத்தில் உட்கார்ந்த மாலைக்கு 40 நிமிட ஈஸியும் (மெதுவான ஓட்டம்) கடைசியில் 6 ஸ்ட்ரைடும் நல்ல தேர்வு.

மாலை டெம்போவுக்கு முன் காஃபின் எடுக்கும் யோசனை வந்தால் தள்ளிவையுங்கள். அது பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு எடுத்ததில் பாதி இரவு 11க்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வகுப்பும் கெடும்.


கரிநீர்:

துடிப்புமானி சொன்னது சரி. ஆனால் தலைக் களைப்பு என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டு 6:30க்கு ஓடினால் நடுவில் ஐந்தரை மணி நேரம். மாணவர் சந்திப்பு இருக்கும் நாளில் மதியச் சாப்பாடே அரைகுறையாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் மாலை 4:45 மணி வாக்கில் 30 முதல் 40 கிராம் மாவுச்சத்து வருகிற மாதிரி ஏதாவது சாப்பிட்டு, 300 மில்லி தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். டெம்போ நேரானால் காரணம் வயிறு. அப்படியேதான் இருக்கிறது என்றால் காலைக்கு மாற்றுங்கள்.


பின்கணக்கு:

நான் அட்டவணையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பந்தய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், ஆனால் முதலில் குறிக்க வேண்டியது ஓட்டத்தை அல்ல, வேலையை. 9, 13, 14 ஆகிய மூன்று வாரங்களுக்கும் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு மிச்சத்தில் லாங் ரன்களை (வாரத்தின் மிக நீண்ட ஓட்டம்) நிரப்புங்கள். வழக்கமான அட்டவணையில் மிக நீளமான ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால், அதாவது உங்கள் 13ஆம் வாரத்தில் வந்து விழும். அதை 12க்கு இழுத்துவிடுங்கள். ஒரு வாரம் முன்னால் முடிவதால் ஒன்றும் குறைந்துபோகாது.

லாங் ரன் வரிசை முதல் வாரத்திலிருந்து கி.மீ.யில் இப்படி வரலாம்: 18, 20, 22, 16, 24, 26, 18, 28, பிறகு மாநாட்டு வாரத்தில் லாங் ரன் கிடையாது, 10ஆம் வாரம் 28, 11இல் 22, 12இல் 30, 13இல் 20, 14இல் 22, 15இல் 16. பதினொன்றாம் வார 22இல் நடுவே 12 கி.மீ.யை 5:20 வேகத்தில் ஓடுங்கள், அதுதான் 3:45க்கான பேஸ். 14ஆம் வாரத்தில் அதையே 8 கி.மீ.க்கு. வாரத்தின் மொத்தம் 40இல் தொடங்கி 12ஆம் வாரத்தில் 62 முதல் 64 வரை போனால் போதும்.

32, 35 என்று போகச் சொல்வார்கள். உங்கள் ஈஸி பேஸ் 6:00 என்றால் 30 கி.மீ.க்கே மூன்று மணி நேரம். அதற்கு மேல் கிடைக்கும் பலன் சொற்பம், அடுத்த வாரத்தைக் கெடுக்கும் களைப்பு அதிகம். தூரத்தைப் பார்க்காமல் மூன்று மணி நேரத்தை எல்லையாக வையுங்கள்.

திருத்த வாரங்களில் தூரத்தை வெட்டுங்கள், வேகத்தை வெட்டாதீர்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். நேரமில்லை என்று டெம்போவை விட்டுவிட்டு, மனசாட்சிக்காக மெதுவாக 10 கி.மீ. ஓடுகிறார்கள். ராபர்ட் ஹிக்சன் 1980களில் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. பத்து வாரப் பயிற்சிக்குப் பிறகு, கடினத்தைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் மூன்றில் ஒரு பங்காக்கியவர்களுக்கு அதிகபட்ச ஆக்ஸிஜன் திறன் 15 வாரம் வரை நிலைத்தது. நேரத்தை விட்டுவைத்துக் கடினத்தைக் குறைத்தவர்களுக்கு இறங்கியது. ஆனால் நேரத்தை அந்த அளவுக்கு வெட்டினால் நீண்ட நேரத் தாங்குதிறனில் சரிவு தெரியும். ஆகவேதான் அந்த இரண்டு வாரத்திலும் 20, 22 கி.மீ. ஓட்டத்தைக் கைவிடக் கூடாது என்கிறேன். சனிக்கிழமை லாங் ரன், செவ்வாய் சூடேற்றல் தணிப்போடு சேர்த்து 45 நிமிடத்தில் ஒரு குட்டி டெம்போ, வியாழன் 30 நிமிட ஈஸி. புதனும் ஞாயிறும் விட்டுப்போனால் போகட்டும். விட்ட ஓட்டத்தை 15ஆம் வாரத்தில் ஈடுகட்டுகிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். அது டேப்பரை (பந்தயத்துக்கு முன் ஓட்டத்தைக் குறைத்துக் காலைத் தேற்றும் காலம்) தின்றுவிடும்.

லாங் ரன்னைச் சனிக்கு வைத்ததற்குக் காரணம் உங்கள் திங்கள் வகுப்பு. ஞாயிறு 28 கி.மீ. ஓடிவிட்டு மறுநாள் மூன்று மணி நேரம் நிற்பது காலுக்குப் பெரிய தண்டனை. வார வடிவம்: செவ்வாய் டெம்போ, புதன் மாலை ஈஸி, வியாழன் காலை 11, 12 கி.மீ., சனி லாங் ரன், ஞாயிறு 5 கி.மீ. மெல்லோட்டம், திங்களும் வெள்ளியும் ஓய்வு.


கரும்பலகை:

நிற்பதைப் பற்றி. கடினமான தரையில் மூன்று மணி நேரம் நின்றால் கெண்டைக்கால் நிறுத்தாமல் குறைந்த அளவில் வேலை செய்துகொண்டே இருக்கும். கணுக்கால் இறுகும், பாதத்தின் அடித்தசை நாண் இழுபடும். அதே மாலை வேகமாக ஓடினால் முதலில் புகார் சொல்வது குதிகாலும் அதன் பின்நாணும்தான். நின்ற நாளில் ஈஸி ஓடலாம், டெம்போ வேண்டாம். பாடம் நடத்தும்போது ஒரே இடத்தில் நிற்காமல் நடங்கள், ஒரு காலைப் படிமேல் மாற்றி மாற்றி வையுங்கள்.

ஓடும் ஷூவை வகுப்புக்குப் போடாதீர்கள். அதன் ஃபோம் பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் அதில் நின்று நடந்தால் செயலியில் 350 கி.மீ. என்று காட்டும்போதே அடி செத்திருக்கும். முழங்கால் வலி வரும்போதுதான் தெரியும். வகுப்புக்கு வேறு ஒரு மெத்தென்ற ஷூ வைத்துக்கொள்ளுங்கள்.

கெண்டைக்காலுக்கு வாரம் மூன்று நாள் குதிகால் உயர்த்தும் பயிற்சி, முழங்கால் நேராக 3 × 15, முழங்கால் மடக்கி 3 × 15. மடக்கிச் செய்வதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓட்டத்தில் அதிகச் சுமை ஏற்கும் சோலியஸ் என்ற கெண்டைக்கால் தசைக்கு அந்த நிலைதான் வேலை கொடுக்கிறது. ஏறும்போது இரண்டு விநாடி, இறங்கும்போது மூன்று விநாடி. துள்ளிச் செய்தால் பலன் நாணுக்குப் போகாது.

உட்கார்ந்து திருத்தும் நாளுக்கு எதிர்ப்பிரச்சினை. நான்கு மணி நேரம் நாற்காலியில் இருந்து எழுந்தவுடன் 5:20 பேஸில் கிளம்பினால் இடுப்பின் முன்பக்கம் நீளாது, அடி குட்டையாகும், கீழ்முதுகு அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். 45 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கொஞ்சம் நடங்கள். ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம்: ஒவ்வொரு காலுக்கும் 10 முன்பின் வீச்சு, மல்லாந்து படுத்து 12 முறை இடுப்பு உயர்த்தல், 10 நடை லஞ்ச் (முன்காலை நீட்டி வைத்து முழங்கால் மடக்கி இறங்கும் நடை). முதல் கி.மீ.யை 6:30 பேஸில் விடுங்கள்.

காலை ஓட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும் நாளில் ஓட்டத்துக்கும் வகுப்புக்கும் நடுவில் 75 நிமிடமாவது விடுங்கள். குளித்த பிறகும் 20, 30 நிமிடம் வியர்வை நிற்காது, அவசரமாக உடுத்தினால் சட்டை நனைந்தே வகுப்பில் நிற்க வேண்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர், இரண்டு மூன்று மணி நேரத்தில் பிரித்துக் குடிக்க வேண்டும். உலர்ந்த தொண்டையோடு இரண்டு வகுப்பு எடுத்தால் குரல் கம்மும். குரல்நாண் ஈரமாக இருக்க, வகுப்பு தொடங்கியபின் குடிக்கும் மிடறு போதாது, முந்தைய மணி நேரங்களில் குடித்ததுதான் உதவும்.


நேரவலயம்:

மாநாட்டுக்கு வருகிறேன். ஓடுகிறவர்கள் அங்கே செய்யும் பெரிய பிழை, போய் இறங்கிய மறுநாள் காலை 6 மணிக்கு வெளியே ஓடுவது. கிழக்கே ஏழு மணி நேரம் என்றால் அது உடல் கடிகாரத்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.

கணக்கு இப்படி. உடல் வெப்பம் மிகத் தாழும் நேரம், வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். வீட்டில் 6க்கு எழுகிறவருக்கு அது அதிகாலை 3:30 வாக்கில், மாநாட்டு ஊர்க் கடிகாரப்படி காலை 10:30. அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், அதற்கு முன்னால் படும் வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும். கிழக்கே போனவருக்கு வேண்டியது முன்னுக்கு இழுப்பது. எனவே முதல் நாள் காலை 10:30 வரை வெயிலைத் தவிருங்கள், வெளியே போனால் கருப்புக் கண்ணாடி. 11 முதல் 2 வரை நல்ல வெளிச்சத்தில் இருங்கள். மதிய இடைவேளையில் 30 நிமிடம் ஓடுவது அதற்கு அழகாகப் பொருந்தும். அடுத்தடுத்த நாளில் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். முழுதாக ஒத்துப்போக வலயத்துக்கு ஒரு நாள் என்பது சுமாரான கணக்கு, கிழக்கே போனால் இன்னும் இழுக்கும். இரண்டு நாள் மாநாடு என்றால் மாற்றவே முயலாமல், உங்கள் உரை மட்டும் விழித்திருக்கும் நேரத்தில் வருமாறு அமைப்பாளரிடம் கேட்பது மேல்.

முதல் இரண்டு நாள் ஈஸி மட்டும். மூன்றாம் நாள் 6 ஸ்ட்ரைடு. டெம்போவைத் திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். வாரம் முழுவதும் 25 கி.மீ. வந்தாலே போதும். பத்து நாள் வரை குறைத்து ஓடுவதில் பெரிய இழப்பு வராது, அந்த வாரத்தைத் திட்டத்திலேயே இறக்கமாக எழுதிவிட்டால் மனமும் அலைக்கழியாது.


சோதனைக்குழாய்:

ஆய்வக நாளுக்கு ஒரு குறிப்பு. காத்திருக்கும் நேரத்தில் ஓடலாம் என்று பலரும் சொல்வார்கள், ஆனால் எந்தக் காத்திருப்பு என்பதில்தான் விஷயம். பிசிஆர் இயந்திரம் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்குவது) 90 முதல் 120 நிமிடம் ஓடும், முடிந்ததும் மாதிரியைக் குளிர்ந்த நிலையில் தானே பிடித்து வைத்திருக்கும். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் குற்றமில்லை. அங்கே 10 கி.மீ.யும் குளியலும் அடங்கும். ஜெல் எலக்ட்ரோஃபோரெசிஸ் (மின்சாரம் செலுத்தி டிஎன்ஏ துண்டுகளை ஜெல்லில் பிரிப்பது) அப்படி இல்லை, நேரம் தாண்டினால் பட்டைகள் முனையைக் கடந்து வெளியே போய்விடும். டிரிப்சின் (தட்டில் ஒட்டிய செல்களைப் பிரிக்கும் நொதி) போட்ட செல்கள் சில நிமிடத்தில் கைக்கு வேண்டும். சூடாக்கும் வேலை, தீ உள்ள வேலை, மையவிலக்கி ஓடும் நேரம், இவற்றை விட்டு வெளியே போகக் கூடாது. சுருக்கமாக, இயந்திரம் தானே பத்திரமாக நின்று காத்திருக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்று மாலை ஓடுங்கள்.


நெடுவழி:

எல்லாருக்கும் நன்றி. செவ்வாய், சனி மாற்றத்தை உடனே செய்கிறேன், 4:45 சாப்பாட்டையும் பார்க்கிறேன். இன்னும் இரண்டு. ஒரு தூரத்தின் நேரத்தை வைத்து இன்னொரு தூரத்தின் நேரத்தைக் கணிக்கும் ரீகல் சூத்திரப்படி எனக்கு 3:39 வருகிறது, இலக்கை அதற்கு மாற்றலாமா? ஆராய்ச்சியும் மாரத்தானும் ஒன்றாக ஒப்பேறாது என்று துறையில் மூத்தவர்கள் சொல்கிறார்கள், 3:45கூட அதிக ஆசையா?


பின்கணக்கு:

3:39க்கு மாற்ற வேண்டாம். பீட்டர் ரீகல் 1977இல் கொடுத்த சூத்திரத்தில் தூர விகிதத்தின் அடுக்கு 1.06. அந்தத் தூரத்துக்கு உரிய பயிற்சி முழுமையாக இருப்பவருக்குத்தான் அது பொருந்தும். வாரம் 60 கி.மீ.யைச் சில வாரம் மட்டும் தொடுகிறவருக்கு 1.10 போட்டுப் பாருங்கள்: 105 நிமிடம் × 2.14, கிட்டத்தட்ட 3:45. உங்கள் இலக்கு சரியான இடத்தில்தான் இருக்கிறது.

பந்தயத்தில் முதல் 5 கி.மீ. 5:25, பிறகு 5:20க்கு இறங்குங்கள். வளைவுகளில் குறுக்குக்கோடு கிடைக்காமல் கைக்கடிகாரம் 42.5 கி.மீ. காட்டக்கூடும். அதனால் கடிகாரத்தில் மொத்தச் சராசரி 5:17 பார்த்தால்தான் 3:45க்குள் வருவீர்கள். மாவுச்சத்து மணிக்கு 60 கிராம், 25 கிராம் மாவுச்சத்துள்ள ஜெல் (ஓடும்போது விழுங்கும் இனிப்புக் கூழ்) என்றால் 25 நிமிடத்துக்கு ஒன்று, மொத்தம் எட்டு. லாங் ரன்களில் பழக்காமல் பந்தயத்தில் முதன்முறை எடுத்தால் 30ஆவது கி.மீ.யில் வயிறு புரட்டும். ஐந்தாம் வாரத்திலிருந்தே தொடங்குங்கள், முதலில் மணிக்கு 30 கிராம்.


துடிப்புமானி:

மூத்தவர்கள் சொல்வதற்கு இரண்டு பெயர்கள் பதில். ஆலன் டூரிங் 1947இல் கணினி வடிவமைப்பு வேலையில் இருந்தபடியே ஒரு மாரத்தானை 2:46:03க்கு ஓடினார். 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற வோல்ஃப்காங் கெட்டர்லி 2014 பாஸ்டன் மாரத்தானை 56 வயதில் 2:44:06க்கு முடித்தார். அந்த வேகம் எல்லாருக்கும் வராது, ஆனால் இரண்டும் ஒரு வாழ்க்கையில் அடங்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பந்தயத்துக்கு அடுத்த வாரத்தையும் இப்போதே நாட்காட்டியில் எழுதுங்கள். தசைவலி முதல் மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும், படி இறங்குவதுதான் மிகச் சிரமம், மேடையுள்ள வகுப்பறையில் தெரியும். திங்கள் 8:30 வகுப்பை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் உட்கார்ந்து நடத்தும் கலந்துரையாடலாக வையுங்கள். வாய்மொழித் தேர்வு, ஆய்வுக்குழுக் கூட்டம் எதுவும் வியாழனுக்கு முன் வேண்டாம். முதல் ஐந்து நாள் நடை மட்டும், ஆறாம் நாள் 20 நிமிடம் மெல்லோட்டம். அன்று எங்காவது குத்துவலி இருந்தால் இன்னும் மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.